விக்டோரியா ஏரியின் நலிவு: மீனா, களையா, மண்ணா? எதிலிருந்து தொடங்குவது?

இளவேனில்:

அனைவருக்கும் வணக்கம். மேல்நிலை வகுப்பு மாணவர்களுக்காக வெப்பமண்டல ஏரிகளின் சூழல் சீர்கேடு குறித்து ஒரு பாடம் தயாரித்துக்கொண்டிருக்கிறேன். பொதுப்படையாகப் பேசினால் மனத்தில் நிற்காது என்பதால் கிழக்கு ஆப்பிரிக்காவின் விக்டோரியா ஏரியை மட்டும் எடுத்துக்கொண்டேன். ஏறத்தாழ 68,800 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள அந்த ஏரி, வெப்பமண்டல ஏரிகளுள் மிகப் பெரியது. டான்சானியா, உகாண்டா, கென்யா ஆகிய மூன்று நாடுகளும் அதைப் பகிர்ந்துகொள்கின்றன.

படிக்கப் படிக்க எனக்குக் குழப்பம் கூடுகிறது. ஒரு கட்டுரை, வெளியிலிருந்து கொண்டுவந்து விடப்பட்ட நைல் பெர்ச் மீன்தான் ஏரியை அழித்தது என்கிறது. இன்னொன்று ஆகாயத்தாமரையைக் குற்றம் சாட்டுகிறது. மூன்றாவது, கழிவுநீரையும் பாசியையும் பற்றி மட்டுமே பேசுகிறது. பாதுகாப்பு வழிகள் என்று வரும்போது எல்லாக் கட்டுரைகளும் மரம் நடுதல், விழிப்புணர்வு, நெகிழித் தடை, மீன்பிடிக் கட்டுப்பாடு என்று எல்லாவற்றையும் ஒரே எடையில் வரிசைப்படுத்திவிட்டு முடிந்துவிடுகின்றன. இவற்றுள் எது மூலம், எது விளைவு? கையில் இருக்கும் பணமும் ஆள்பலமும் குறைவு என்றால் முதலில் எதைச் செய்ய வேண்டும்? குளிர்நாட்டு ஏரிகளைக் காத்த முறைகளை அப்படியே இங்கும் பின்பற்ற முடியுமா? துறை அறிந்தவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

ஆழ்நீர்:

நல்ல கேள்வி. உங்கள் மூன்று கட்டுரைகளும் சொல்பவை உண்மையே. ஆனால் காலவரிசையைப் பார்த்தால் மூலம் எது என்பது ஓரளவு தெளிவாகும்.

ஏரியின் அடியில் படிந்துள்ள சேற்றைக் குழாய் இறக்கி எடுத்து, அடுக்கடுக்காக ஆராய்ந்திருக்கிறார்கள். 1930-களை ஒட்டிய காலத்திலேயே பாசியின் உற்பத்தி உயரத் தொடங்கிவிட்டதை அந்த அடுக்குகள் காட்டுகின்றன. நைல் பெர்ச் ஏரிக்குள் விடப்பட்டது 1950-களிலும் 1960-களின் தொடக்கத்திலும்தான். அது பெருகி எங்கும் நிறைந்தது 1980-களில். ஆகாயத்தாமரை வந்தது அதற்கும் பின்னர். ஆக, மீனும் களையும் வருவதற்கு முன்பே ஏரி மாறத் தொடங்கியிருந்தது. அந்தக் காலத்தில் கரையில் என்ன நடந்தது என்று பாருங்கள். கென்யாவின் துறைமுகமான மொம்பாசாவிலிருந்து வந்த ரயில் பாதை 1901-இல் ஏரியின் கிசுமு கரையைத் தொட்டது. அதன்பின் காடுகள் திருத்தப்பட்டு விளைநிலங்களாகவும் தோட்டங்களாகவும் மாறின, மக்கள்தொகை பெருகியது, சரிவான நிலங்களில் மண்ணைப் பிடித்துவைக்க எதுவும் இல்லாமல் போனது. மழையோடு சேர்ந்து மண்ணும், மண்ணோடு ஒட்டிய, பாசிக்கு உரமாகும் பாஸ்பரஸும் ஏரிக்குள் இறங்கின.

இதில் பலர் கவனிக்காத ஒரு கூறு உண்டு. இந்த ஏரிக்கு வரும் நீரில் ஏறத்தாழ 80 விழுக்காடு, ஏரியின் மேல் நேராகப் பெய்யும் மழை. ஆறுகள் கொண்டுவருவது எஞ்சிய பங்குதான். வெளியேறும் நீரிலும் அதே அளவு ஆவியாகவே போகிறது. சராசரி ஆழம் 40 மீட்டர். மிக ஆழமான இடம்கூட 80 மீட்டரைச் சுற்றித்தான் இருக்கும். இவ்வளவு அகன்ற, ஆழம் குறைந்த ஏரி, வானத்தைப் பார்த்து விரித்துவைத்த தட்டு போன்றது. காற்றில் வரும் எல்லாம் அதில் விழும். புல்வெளிகளையும் காடுகளையும் கொளுத்துவதால் எழும் சாம்பலும், உழுத நிலத்தின் புழுதியும் மழையோடு கலந்து விழுந்து, ஏரிக்குச் சேரும் பாஸ்பரஸில் பெரும் பங்கைத் தருகின்றன. ஆற்று முகத்தில் ஒரு சுத்திகரிப்பு நிலையம் கட்டிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைப்பவர்கள் இந்தக் கணக்கை மறந்துவிடுகிறார்கள்.

இனி, வெப்பமண்டலம் என்பதால் என்ன வேறுபாடு என்ற உங்கள் கேள்விக்கு வருகிறேன். என் பார்வையில் பாடத்தின் மையம் இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

கடல்மட்டத்தில் 0 பாகை செல்சியஸ் வெப்பநிலையில் ஒரு லிட்டர் நீரில் ஏறத்தாழ 14.6 மில்லிகிராம் ஆக்சிஜன் கரையும். 25 பாகையில் 8.2 மில்லிகிராம்தான் கரையும். விக்டோரியா ஏரி கடல்மட்டத்துக்கு மேல் 1,130 மீட்டருக்கும் கூடுதலான உயரத்தில் இருப்பதால் அங்கே இன்னும் குறைவு. அதாவது வெதுவெதுப்பான ஏரியின் கையிருப்பு தொடக்கத்திலேயே குறைவு. அதே வெப்பம் மட்கும் வேகத்தையும் கூட்டுவதால் செலவோ அதிகம். அடுத்தது நீரின் அடர்த்தி. 4 பாகைக்கும் 5 பாகைக்கும் இடையே நீரின் அடர்த்தியில் உண்டாகும் வேறுபாட்டைவிட, 24 பாகைக்கும் 25 பாகைக்கும் இடையே உண்டாகும் வேறுபாடு ஏறத்தாழ 30 மடங்கு பெரிது. ஆகவே மேல்நீர் அடிநீரைவிட ஓரிரு பாகை மட்டும் சூடாக இருந்தாலே இரண்டும் கலக்காமல் அடுக்குகளாக நின்றுவிடும். குளிர்நாட்டு ஏரிகளில் இலையுதிர் காலம் வந்ததும் மேல்நீர் குளிர்ந்து இறங்கி ஏரி முழுவதும் ஒருமுறை புரண்டுவிடும். விக்டோரியாவில் அந்த வேலையைச் செய்வது பெரும்பாலும் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை வீசும் தென்கிழக்குக் காற்று. மற்ற மாதங்களில் அடிநீருக்கு மூச்சு முட்டுகிறது. காற்று வலுவிழந்தாலோ மேல்நீர் மேலும் சூடேறினாலோ அந்த மூச்சுத் திணறல் நீடிக்கும். புவி வெப்பமாதல் இங்கே நுழைவது இந்த வழியாகத்தான்.

அடிநீரில் ஆக்சிஜன் தீர்ந்ததும் இன்னொன்று நடக்கிறது. சேற்றில் இரும்போடு பிணைந்து கிடந்த பாஸ்பரஸ் விடுபட்டு மீண்டும் நீருக்குள் வருகிறது. காற்று ஏரியைக் கலக்கும்போது அது மேலே வந்து பாசிக்கு உணவாகிறது; பாசி செத்து அடியில் விழுந்து மட்கி மறுபடியும் ஆக்சிஜனைத் தின்கிறது. வெளியிலிருந்து வருவதை இன்று முழுவதும் நிறுத்தினாலும், ஏரி தன் அடிச்சேற்றிலிருந்தே பல ஆண்டுகள் தனக்கு ஊட்டிக்கொள்ளும் என்பதற்கு இதுவே காரணம். மேலும், பாஸ்பரஸ் மிகுந்து நைட்ரஜன் ஒப்பளவில் குறையும்போது, காற்றிலுள்ள நைட்ரஜனைத் தானே நிலைநிறுத்தத் தெரிந்த நீலப்பச்சைப் பாசிகளுக்கு வாய்ப்பு கூடுகிறது. முன்பு இந்த ஏரியில் சிறந்திருந்த, கண்ணாடி போன்ற ஓடுள்ள டயாட்டம் என்ற நுண்பாசிகளின் இடத்தை அவை பிடித்துக்கொண்டன. நைட்ரஜனை நிலைநிறுத்தாத நீலப்பச்சைப் பாசிகளும் உண்டு; அவற்றுள் மைக்ரோசிஸ்டிஸ் போன்றவை கல்லீரலைத் தாக்கும் நச்சை உண்டாக்கக்கூடியவை. குடிநீரில் மைக்ரோசிஸ்டின்-எல்ஆர் என்ற அந்த நச்சு லிட்டருக்கு 1 மைக்ரோகிராமுக்கு மேல் நெடுநாள் இருக்கக் கூடாது என்பது உலகச் சுகாதார நிறுவனத்தின் வரையறை. நீரைக் கொதிக்கவைத்தால் கிருமி சாகும். இந்த நச்சு போகாது. கரையோரத்தில் ஏரி நீரை நேராக மொண்டு குடிக்கும் குடும்பங்களை நினைத்துப் பார்த்தால், இது மீன்களுக்கு மட்டுமான சிக்கல் இல்லை என்பது விளங்கும்.

வலைவீச்சு:

ஆழ்நீர் சொன்ன வேதியியலில் எனக்கு மாறுபாடு இல்லை. ஆனால் நைல் பெர்ச்சை வெறும் பக்க விளைவாகச் சுருக்கிவிட முடியாது என்பதைப் பதிவு செய்ய விரும்புகிறேன்.

இந்த ஏரி ஏறத்தாழ 15,000 ஆண்டுகளுக்கு முன் வறண்டு கிடந்தது. மீண்டும் நிரம்பிய பிறகான காலத்தில் சிக்லிட் குடும்பத்தைச் சேர்ந்த சிறு மீன்கள் 500-க்கும் மேற்பட்ட இனங்களாகக் கிளைத்தன. நத்தையை உடைத்துத் தின்பது, பாறையிலுள்ள பாசியைச் சுரண்டுவது, அடிமட்டக் கசடைத் தின்பது, பிற மீனின் குஞ்சுகளைத் திருடுவது என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு பிழைப்பு. 1970-கள் வரை ஏரியின் மீன் எடையில் ஏறத்தாழ 80 விழுக்காடு இவைதான். 2 மீட்டர் நீளமும் 200 கிலோ எடையும் வரை வளரக்கூடிய நைல் பெர்ச் பெருகியபின், சில ஆண்டுகளுக்குள் 200 இனங்கள் அளவுக்கு மறைந்துவிட்டதாக மதிப்பிடப்படுகிறது. முதுகெலும்புள்ள விலங்குகளில் இவ்வளவு விரைவாக, இவ்வளவு பெரிய அழிவை அண்மைக் காலத்தில் வேறெங்கும் காண்பது அரிது. பாசியையும் கசடையும் தின்றுவந்த மீன்கள் போனதும், அவை தின்ன வேண்டியது அழுகலாக அடியில் சேர்ந்தது. ஆகவே மீன் மாற்றமும் நீர் மாற்றத்தை விரைவுபடுத்தியது. மூலம் ஒன்று, விளைவு ஒன்று என்று நேர்கோடாக எழுதினால் மாணவர்களுக்கு இந்தப் பின்னல் தெரியாமல் போகும்.

நீர் கலங்கியதும் மீனைத் தாக்கியது, அதுவும் யாரும் எதிர்பாராத வழியில். சிக்லிட் பெண் மீன்கள் தம் இனத்து ஆணை நிறத்தைக் கொண்டே அடையாளம் காண்கின்றன. பாசியால் நீர் மங்கி ஒளி குறைந்த இடங்களில் அவற்றால் சிவப்பையும் நீலத்தையும் பிரித்தறிய முடியாமல் இனங்கள் கலந்துபோவதாக 1997-இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. வேட்டை மீன் ஒன்றுகூட இல்லாவிட்டாலும் சில இனங்கள் இப்படியே கரைந்திருக்கும்.

இன்னொரு சங்கிலி, எனக்கு மிகவும் பாடம் தந்தது. பழைய சிறு மீன்களை வெயிலில் காயவைத்தாலே போதும். நைல் பெர்ச் பெரியது, கொழுப்பு மிகுந்தது, வெயிலில் காயாது. புகையூட்ட வேண்டும் அல்லது பொரிக்க வேண்டும். இரண்டுக்கும் விறகு வேண்டும். கரையோர மரங்கள் விறகுக்காக வெட்டப்பட்டன, மண் அரித்தது, ஆழ்நீர் விளக்கிய பாஸ்பரஸ் கணக்கில் இதுவும் போய்ச் சேர்ந்தது.

பாதுகாப்பு என்று வரும்போது நைல் பெர்ச்சை ஒழித்துவிடலாம் என்று எழுதாதீர்கள். இவ்வளவு பெரிய ஏரியில் அது முடியவும் முடியாது. 1980-களின் இறுதியிலிருந்து ஐரோப்பாவுக்குப் போகும் அதன் ஏற்றுமதியை நம்பி மூன்று நாடுகளிலும் பெருந்தொகையான குடும்பங்கள் இருக்கின்றன. மீனின் காற்றுப்பைக்குச் சீனச் சந்தையில் கிடைக்கும் விலை, சதையின் விலையைவிடப் பன்மடங்கு கூடுதல் என்பதால் பெரிய மீன்களைத் தேடிப் பிடிக்கும் அழுத்தமும் சேர்ந்துகொண்டது. 50 சென்டிமீட்டருக்குக் குறைந்ததையும் 85 சென்டிமீட்டரைத் தாண்டியதையும் பிடிக்கக் கூடாது என்ற விதி, குஞ்சையும் சினையுள்ள பெருமீனையும் ஒருங்கே விட்டுவைப்பதற்காக வந்தது. விதி நல்ல விதி. உகாண்டா 2017-இல் அதை நடைமுறைப்படுத்த ராணுவத்தையே இறக்கியது. அதனால் சட்டவிரோத வலைகள் குறைந்தன என்பவர்களும் உண்டு. சிறு படகுக்காரர்களின் பிழைப்பு பறிபோனது என்பவர்களும் உண்டு. என் எண்ணத்தில், கரையிலுள்ள மீனவர் குழுக்களே கண்காணிக்கும் முறைக்குப் பணமும் அதிகாரமும் கொடுத்திருந்தால் இவ்வளவு கசப்பு வந்திருக்காது. ஏரியில் கண்ணி சிறுத்த வலையையும் கரைவலையையும் இழுப்பவர் யார் என்பது பக்கத்துப் படகுக்காரருக்குத் தெரியாமல் இருக்காது.

நைல் பெர்ச் மிகுதியாகப் பிடிக்கப்பட்ட பிறகு, 1990-களிலிருந்து சில சிக்லிட் இனங்கள் மெல்லத் தலைகாட்டியிருக்கின்றன என்பதையும் பாடத்தில் சேருங்கள். அழிந்தவை திரும்பவில்லை, ஒளிந்து தப்பியவை பெருகின.

இளவேனில்:

இருவருக்கும் நன்றி. நிறத்தைக் கொண்டு துணையைத் தேர்வது பற்றிய செய்தியும் விறகுச் சங்கிலியும் எனக்கு முற்றிலும் புதியவை.

இரண்டு ஐயங்கள் எஞ்சியிருக்கின்றன. ஆகாயத்தாமரையைப் பற்றிக் கேட்டால், அதை வாரி எடுத்து நாற்காலி, கூடை, சாண எரிவாயு, உரம் என்று செய்தால் களையும் ஒழியும், வருமானமும் வரும் என்று மாணவர்கள் உடனே சொல்கிறார்கள். அது உண்மையில் ஏரியைக் காக்கும் வழியா? அடுத்து, ஏரியின் நீர்மட்டம் ஒருசமயம் மிகவும் தாழ்ந்ததாகவும், பின்னர் வெள்ளமாக உயர்ந்ததாகவும் படித்தேன். அதுவும் சீர்கேட்டின் பகுதியா, இயற்கையா?

கோரைக்கரை:

ஆகாயத்தாமரை பற்றி நான் எழுதுகிறேன். நீர்க்களைகள் என் துறை.

தென் அமெரிக்காவிலிருந்து அழகுச்செடியாக உலகெங்கும் பரவிய இந்தக் களை, ருவாண்டாவில் உற்பத்தியாகும் கிளைகளையுடைய ககேரா ஆற்றின் வழியாக மிதந்து வந்து, 1980-களின் இறுதியில் விக்டோரியா ஏரியில் இடம்பிடித்தது. 1998 வாக்கில் அது உச்சத்தில் இருந்தபோது ஏறத்தாழ 17,000 ஹெக்டேரை மூடியிருந்தது. இந்த எண்ணை மாணவர்களை விட்டே கணக்கிடச் சொல்லுங்கள். மொத்த ஏரியில் அது கால் விழுக்காடுதான். பிறகு ஏன் இவ்வளவு கூக்குரல் என்றால், காற்று அதைத் தள்ளிக்கொண்டுபோய் ஒதுக்குவது காற்றடங்கிய குடாக்களில். படகுத் துறையும் குடிநீர் எடுக்கும் குழாயும் மீன் குஞ்சு பொரிக்கும் கரையோரமும் இருப்பதும் அங்கேதான். கென்யாவின் வினாம் குடாவில் படகுகள் நாள்கணக்கில் நகர முடியாமல் நின்றன. பாய்போல் விரிந்த களைக்கு அடியில் ஆக்சிஜன் குறைந்தது. நத்தைகளும் கொசுக்களும் பெருக இடம் கிடைத்தது. அந்த நத்தைகளுள் சில, ஒட்டுண்ணிப் புழுவால் வரும் பில்ஹார்சியா நோயைப் பரப்புபவை.

அதை அடக்கியது நியோகெட்டினா என்ற பேரினத்தைச் சேர்ந்த இரண்டு கூன்வண்டு இனங்கள். களையின் தாயகத்திலேயே அதைத் தின்று வாழ்பவை அவை. வேறு பயிரைத் தீண்டாது என்று சோதித்த பின்னரே உகாண்டா 1995-இல் அவற்றை ஏரியில் விட்டது. மற்ற இரு நாடுகளும் தொடர்ந்தன. வண்டு இலையைச் சுரண்டும், புழு தண்டைக் குடையும், செடி நீர் புகுந்து மூழ்கும். முதல் சில ஆண்டுகள் ஒன்றும் நடவாதது போலவே தோன்றும். வண்டின் எண்ணிக்கை களையின் எண்ணிக்கையை எட்டிப் பிடிக்க வேண்டுமல்லவா? 1997–98 எல் நினோ ஆண்டின் புயல்மழையும் மேகமூட்டமும் செடியை மேலும் தளர்த்தின. இருபதாம் நூற்றாண்டு முடிவதற்குள் பெரும்பகுதி சரிந்தது. வண்டு தனியாகச் சாதித்ததா, வானிலை துணை நின்றதா என்ற வாதம் இன்னும் ஓயவில்லை. இரண்டும் சேர்ந்தே செய்தன என்பது என் நிலைப்பாடு.

ஆனால் 2006–07-இல் வினாம் குடாவில் அது மீண்டும் பரவியது. விதைகள் சேற்றில் பல ஆண்டுகள் உயிரோடு கிடக்கும். கனமழை ஊட்டச்சத்தைக் கொண்டுவந்து கொட்டியதும் முளைக்கும். ஊட்டம் குறையாதவரை இந்தக் களைக்கு நிரந்தரத் தீர்வு இல்லை.

இனிக் கூடையும் நாற்காலியும். செடியின் எடையில் 90 விழுக்காட்டுக்கும் மேல் தண்ணீர். ஒரு வண்டி நிறைய வாரிக் கரைசேர்த்தால் கையில் எஞ்சுவது கைப்பிடி நார். இரண்டு வாரம் அல்லது அதற்கும் குறைந்த காலத்தில் இரட்டிப்பாகக் கூடிய செடியின் வேகத்துக்குக் கைத்தொழில் ஈடுகொடுக்காது. கைவினைஞருக்குக் கூலி கிடைக்கிறது என்பதற்காக அதை ஆதரிக்கலாம். ஏரிப் பாதுகாப்பு என்ற பெயரில் நிதி ஒதுக்குவது எனக்கு உடன்பாடில்லை. களையை விற்றுப் பிழைப்பவர்கள் பெருகினால், களை வேண்டும் என்று விரும்புபவர்களும் பெருகுவார்கள். படகுத் துறையையும் நீரேற்று நிலையத்தையும் திறந்துவைக்க இயந்திரத்தால் அள்ளுவது தேவையே. அள்ளியதைக் கரையேற்ற வேண்டும். நறுக்கி நீரிலேயே விட்டால் அது மூழ்கி அழுகி, இருக்கிற ஆக்சிஜனையும் தின்றுவிடும். அதிலிருந்த ஊட்டமும் ஏரிக்கே திரும்பும். அள்ளும்போது வண்டுகளும் சேர்ந்து போய்விடுவதால், வேறிடத்தில் வண்டு வளர்த்து மறுபடி விட ஓர் ஏற்பாடும் உடனிருக்க வேண்டும்.

ஒரு செய்தியைச் சேர்த்துவிடுகிறேன். ஒரு நீர்த்தாவரத்தை ஒழிக்கப் பாடுபடும் அதே ஏரியில், இன்னொன்றை நாமே அழித்துக்கொண்டிருக்கிறோம். கரையோரச் சதுப்புகளில் ஆளுயரத்துக்கு மேல் வளரும் பாப்பிரஸ் கோரைதான் அது. உகாண்டாவின் தலைநகரான கம்பாலாவின் கழிவுநீர் நகிவுபோ சதுப்பின் வழியாக ஏரியின் மர்ச்சிசன் குடாவில் விழுகிறது. அந்த நகரத்துக்குக் குடிநீர் தரும் கபா நீரேற்று நிலையமும் அதே குடாவில்தான் இருக்கிறது. இடையில் நின்று வடிகட்டியது அந்தக் கோரைக்காடு. அது வெட்டப்பட்டு, வாய்க்கால் தோண்டப்பட்டு, கிழங்கும் கரும்பும் பயிரிடப்பட்டு, ஆலைகளும் வீடுகளும் எழும்ப எழும்பக் கழிவுநீர் தங்கி வடிவதற்கு நேரமின்றி நேராகக் குடாவுக்கு ஓடுகிறது. குடிநீரைச் சுத்திகரிக்கும் செலவு அந்த அளவுக்கு ஏறுகிறது. சதுப்பைக் காப்பது பறவைக்காக மட்டும் என்று நினைக்கும் நகராட்சிகளுக்கு இந்தக் குடாவைத்தான் காட்ட வேண்டும்.

மதகடி:

நீர்மட்டம் பற்றிச் சுருக்கமாக. ஏரியிலிருந்து நீர் வெளியேறும் ஒரே வாயில் உகாண்டாவின் ஜின்ஜா நகரில், வெள்ளை நைல் தொடங்கும் இடம். 1954-இல் அங்கே ஓவன் அருவி அணை வந்தது. அணை இல்லாதபோது ஏரியின் எந்த மட்டத்தில் எவ்வளவு நீர் இயல்பாக வெளியேறுமோ அவ்வளவே திறக்க வேண்டும் என்று கீழ்ப்பகுதி நாடான எகிப்துடன் ஓர் உடன்பாடு இருந்தது. 2000-இல் இரண்டாவது மின்நிலையம் சேர்ந்தபின் மின்தேவைக்காக வரையறையை மீறித் திறந்துவிட்டதும், மழை பொய்த்ததும் ஒன்றுசேர்ந்து 2006-இல் ஏரியை மிகத் தாழ்ந்த மட்டத்துக்குக் கொண்டுவந்தன. அதன்பின் கனமழைகளால் 2020 மே மாதத்தில், 1964-ஆம் ஆண்டின் உச்சத்தையும் தாண்டி உயர்ந்தது. மட்டம் ஏறுவதும் இறங்குவதும் இந்த ஏரிக்கு இயல்பு. மழையும் ஆவியும் ஏறத்தாழச் சமமாக இருக்கும் ஏரியில் சிறிது மாறினாலும் மட்டம் மாறும். கரையோரச் சதுப்பைத் தூர்த்துக் கட்டடம் கட்டியவர்களுக்குத்தான் அது பேரிடர்.

ஆட்சிமுறை பற்றியும் ஒரு வரி. ஏரிப் பரப்பில் ஏறத்தாழப் பாதி டான்சானியாவிடமும், அதைவிடச் சற்றுக் குறைவாக உகாண்டாவிடமும், 6 விழுக்காடு மட்டும் கென்யாவிடமும் உள்ளது. ஆனால் ஏரிக்கு வந்து சேரும் பல பேராறுகள் கென்யாவிலிருந்து வருகின்றன. ககேராவின் நீரோ ஏரிக்கரையே இல்லாத ருவாண்டாவிலும் புருண்டியிலும் பிறக்கிறது. 1994-இல் மூன்று நாடுகளும் சேர்ந்து அமைத்த விக்டோரியா ஏரி மீன்வள அமைப்பு மீனைப் பற்றிப் பேசும். மலையில் மண் அரிப்பதைப் பற்றிப் பேச ஐந்து நாடுகளும் ஒரே மேசைக்கு வர வேண்டும். கிசுமுவில் இயங்கும் விக்டோரியா ஏரிப் படுகை ஆணையம் அதற்காக உருவானது. காகிதத்தில் ஏற்பாடு குறைவில்லை. ஒரு நாட்டின் மலைவிவசாயி தன் செலவில் வரப்பு கட்டினால் பலன் இன்னொரு நாட்டின் குடாவுக்குப் போகிறது என்பதால், அந்தச் செலவை யார் ஏற்பது என்ற இடத்தில்தான் எப்போதும் பேச்சு நின்றுவிடுகிறது.

ஆழ்நீர்:

இளவேனில் முதலில் கேட்ட கேள்விக்கு நேரடியாக இன்னும் யாரும் விடை சொல்லவில்லை. பணம் குறைவென்றால் எதை முதலில் செய்வது?

நான் குடாக்களிலிருந்து தொடங்குவேன். படுகை முழுவதும் மண்ணரிப்பைத் தடுப்பதுதான் அடிப்படை மருத்துவம் என்றாலும், அதன் பலன் நடு ஏரியில் தெரிய ஒரு தலைமுறைக்கு மேல் ஆகலாம். அடிச்சேற்றிலுள்ள பாஸ்பரஸ் பற்றி முன்பே சொன்னேன். குடாக்கள் அப்படியல்ல. அவை ஆழம் குறைந்தவை. வந்து சேரும் கழிவும் ஒன்றிரண்டு நகரங்களிலிருந்து அறியப்பட்ட வாய்க்கால்கள் வழியே வருவது. கம்பாலா, கிசுமு, முவான்சா ஆகிய நகரங்களின் கழிவுநீரைக் குழாயில் சேர்த்துச் சுத்திகரிப்பது, எஞ்சியிருக்கும் கோரைச் சதுப்புகளில் இனி ஒரு பிடி மண்கூடக் கொட்டவிடாமல் தடுப்பது ஆகிய இரண்டையும் ஒருங்கே செய்தால், கரையோர மக்கள் குடிக்கும் நீரில் சில ஆண்டுகளிலேயே வேறுபாடு தெரியும். மக்கள் கண்ணால் பலனைக் கண்டால்தான் மலையில் வரப்பு கட்டுவதற்கான நெடுங்காலச் செலவுக்கு அரசியல் ஆதரவு கிடைக்கும். வலைவீச்சு இதற்கு உடன்படமாட்டார் என்று நினைக்கிறேன்.

நீரோட்டத்தைத் தடுக்கும் கட்டுமானங்களையும் இந்தப் பட்டியலில் சேர்க்க வேண்டும். வினாம் குடாவின் வாயருகே, ரூசிங்கா தீவை ம்பிட்டா கரையோடு இணைக்க மண்ணைக் கொட்டிப் போட்ட சாலை, குடாவுக்கும் பேரேரிக்கும் இடையிலான ஒரு நீர்வழியைப் பல ஆண்டுகள் அடைத்துவைத்திருந்தது. பின்னர் அதைத் திறந்து பாலம் கட்டினார்கள். முதலிலேயே பாலமாகக் கட்டியிருந்தால் செலவு ஒருமுறையோடு போயிருக்கும்.

வலைவீச்சு:

உடன்படுகிறேன், ஒரு நிபந்தனையோடு. அதே குடாக்களில் இப்போது மிதவைக் கூண்டுகளில் திலாப்பியா வளர்ப்பு வேகமாகப் பெருகிவருகிறது. பிடிக்கும் மீன் குறைவதால் வளர்ப்புக்குப் போவது புரிந்துகொள்ளக் கூடியதே. ஆனால் கூண்டிலுள்ள மீனுக்குப் போடும் தீவனத்தில் மீந்ததும், மீனின் கழிவும் நேராக நீரில் விழுகின்றன. நகரத்துக் கழிவைக் குழாயில் பிடித்துவிட்டு, கூண்டு வழியாக அதே ஊட்டத்தை உள்ளே விட்டால் என்ன பயன்? 2022 இறுதியில் கென்யப் பகுதிக் கூண்டுகளில் மீன்கள் பெருமளவில் செத்து மிதந்தன. ஆக்சிஜன் குறைந்த அடிநீர் மேலேறினால், திறந்த ஏரி மீன் விலகி ஓடிவிடும். கூண்டு மீனுக்கு ஓட வழியில்லை. கூண்டுகளைக் காற்றோட்டமும் நீரோட்டமும் உள்ள ஆழமான இடங்களுக்குத் தள்ளி, ஒரு குடா எத்தனைக் கூண்டுகளைத் தாங்கும் என்று கணக்கிட்ட பின்னரே உரிமம் தர வேண்டும். இப்போது நடப்பது தலைகீழ்: கரைக்குப் பக்கம் என்றால் காவலுக்கு எளிது என்பதால் எல்லாரும் ஒதுக்கமான, ஆழமில்லாத இடத்தையே நாடுகிறார்கள்.

இளவேனில்:

மிக்க நன்றி. கடைசியாக ஒன்று. ஏரி மேம்படுகிறதா, கெடுகிறதா என்பதை மாணவர்களே புரிந்துகொள்ளும்படி ஏதேனும் ஓர் எளிய அளவை உண்டா? வேதியியல் அட்டவணைகளைக் காட்டினால் அவர்கள் கவனம் சிதறிவிடுகிறது.

ஆழ்நீர்:

உண்டு. செக்கி தட்டு என்று சொல்வார்கள். ஒரு சாண் அகலத்துக்குச் சற்றுக் கூடுதலான வட்டத் தட்டு, வெள்ளையாகவோ கறுப்பும் வெள்ளையுமாகவோ இருக்கும். அதை அளவுக் கயிற்றில் கட்டி நீரில் இறக்கி, கண்ணுக்கு மறையும் ஆழத்தைக் குறித்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். விக்டோரியா ஏரியின் திறந்த பகுதியில் 1920-களில் இந்தத் தட்டு 7 மீட்டர் ஆழம் வரை தெரிந்தது. 1990-களில் எடுத்த அளவுகள் பெரும்பாலும் 1 முதல் 3 மீட்டருக்குள் அடங்கிவிட்டன. குடாக்களில் இன்னும் குறைவு. அளக்கும்போது நண்பகலை ஒட்டிய நேரத்தில், படகின் நிழல் விழும் பக்கமாக இறக்க வேண்டும். இல்லையென்றால் மேற்பரப்பின் பளபளப்பு கண்ணை ஏமாற்றும். மழைக்குப் பிறகு எடுக்கும் அளவு பாசியைக் காட்டுகிறதா, வண்டலைக் காட்டுகிறதா என்று தட்டு சொல்லாது. நீரின் நிறத்தையும் பக்கத்தில் எழுதிவைக்கச் சொல்லுங்கள்: பச்சையா, பழுப்பா என்று.